இஸ்கியாத் தீவின் சிறு நிலநடுக்கம்

நிலநடுக்கம் என்ற சொல்லைக் கேட்டவளவில், ஊர்கள் பல ஒருங்கே அழிவதும், நிலம் பிளப்பதும், கடல் பொங்குவதுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. செய்தித்தாள்களும் அத்தகைய பெருநடுக்கங்களையே விரித்துரைக்கின்றன. அளவில் நான்கு என்றோ மூன்றரை என்றோ குறிக்கப்படும் நடுக்கத்திற்கு ஒரு மூலையில் இரண்டு வரி கிடைத்தாற் பெரிது. அவ்வளவினவாகிய நடுக்கங்கள் உலகில் ஆண்டுதோறும் பல்லாயிரம் நிகழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலன அடுக்களையில் ஒரு பாத்திரத்தையும் உருட்டாமற் போய்விடுகின்றன. ஆயினும், அவ்வகையைச் சேர்ந்த ஒரு சிறு நடுக்கம் 2017-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுத் தீவொன்றில் ஓர் ஊரின் மேற்பகுதியை இடித்துத் தள்ளி, இருவர் உயிரைக் கவர்ந்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரை வீடற்றவர்களாக்கியது. அளவிற் சிறியது அழிவிற் பெரியதானது எங்ஙனம் என்பதையே யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இஸ்கியா என்பது நேபிள்ஸ் வளைகுடாவின் வாயிலில் அமைந்த சிறு தீவு. அதன் பரப்பு ஏறக்குறைய 46 சதுரக் கிலோமீட்டர். கிழக்கு மேற்காகப் பத்துக் கிலோமீட்டர் நடந்தால் தீவு முடிந்துவிடும். அதன் நடுவே எப்போமெயோ என்னும் மலை ஏறக்குறைய 790 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கின்றது. அம்மலையின் வடசரிவிலே காசமீச்சொலா என்ற ஊரும், அதற்கு மேற்கே லாக்கோ அமேனோ என்ற ஊரும் உள்ளன. தீவு முழுவதும் எரிமலைப் பூமி. 1302-ஆம் ஆண்டில் அஃது இறுதியாக நெருப்புக் குழம்பைக் கக்கியது. அதன்பின் வெளியே நெருப்புக் காணப்படவில்லை யெனினும், உள்ளே வெப்பம் தணிந்தபாடில்லை. வெந்நீர் ஊற்றுக்கள் பல இடங்களிலும் சுரக்கின்றன. அவ்வூற்றுக்களின் நீரில் ஆடினால் நோய் நீங்கும் என்ற நம்பிக்கையால் நெடுங்காலமாகவே பல நாட்டாரும் அங்கு வருவதுண்டு. இத்தாலிய வீரர் கரிபால்டி 1864-இல் தம் புண்ணை ஆற்றிக்கொள்ளக் காசமீச்சொலாவுக்கு வந்தார். நார்வே நாட்டு நாடகாசிரியர் இப்ஸன் 1867-இல் அங்கே தங்கி எழுதினார்.

பண்டைக் கிரேக்கர்கள், தேவரோடு போரிட்டுத் தோற்ற தைபோன் என்னும் அரக்கன் இத்தீவின் கீழ்ப் புதையுண்டு கிடக்கின்றான் என்றும், அவன் புரளும்போதெல்லாம் நிலம் குலுங்குகின்றது என்றும் கதை கட்டினர். தீவிற் குடியேறிய கிரேக்கர் சிலர் நிலநடுக்கத்திற்கும் நெருப்பிற்கும் அஞ்சி ஊரைவிட்டே அகன்றனர் என்று ஸ்திராபோ என்னும் பழைய நிலநூலாசிரியர் குறித்திருக்கின்றார். ஆகவே, இத்தீவின் நடுக்கம் நேற்றுத் தோன்றியதன்று.

2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 21-ஆந் தேதி, திங்கட்கிழமை, இரவு 8 மணி 57 நிமிடம். கோடை விடுமுறைக் காலமாதலின் விடுதிகளெல்லாம் நிரம்பியிருந்தன. பலர் உணவருந்திக்கொண்டிருந்தனர். அந்நேரத்தில் நிலம் ஒரு முறை தூக்கிப்போட்டது, விளக்குகள் அணைந்தன, புழுதி எழுந்து தெருக்களை மூடியது. வன்மையான குலுக்கல் சில விநாடிகளே நீடித்தது. அதற்குள் காசமீச்சொலாவின் மேற்பகுதியாகிய மாயோ என்னுமிடத்திலும், லாக்கோ அமேனோவைச் சேர்ந்த ஃபாங்கோ என்னுமிடத்திலும் வீடுகள் பல இடிந்துவிட்டன. கோயிலொன்றின் முகப்பினின்று வீழ்ந்த கற்களால் ஒரு பெண்மணி இறந்தார். மற்றொரு பெண்மணி தம் வீட்டிலேயே நசுங்கி இறந்தார். காயமுற்றோர் நாற்பதின்மருக்கு மேற்பட்டனர். ஒரே வீட்டில் சிறுவர் மூவர், உடன்பிறந்தோர், இடிபாட்டினுள் அகப்பட்டனர். அவருள் இளையது ஏழு மாதக் குழந்தை. தீயணைப்புப் படையினர் இயந்திரங்களைப் பயன்படுத்த அஞ்சிக் கையாலேயே கற்களை அகற்றி, முதலிற் குழந்தையையும், பின்னர் நடுப்பிள்ளையையும், ஏறக்குறைய 16 மணி நேரம் கழித்து மூத்த பிள்ளையையும் உயிருடன் வெளியேற்றினர். அன்றிரவே விருந்தினர் பலர் படகேறித் தீவைவிட்டு நீங்கினர்.

இனி, வியப்பிற்குரிய செய்தி யொன்றுண்டு. மாயோவிற் சுவர்கள் சரிந்துகொண்டிருந்த அதே நேரத்தில், அங்கிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள இஸ்கியாத் துறைமுகத்தில் மக்கள் அதிர்ச்சியை உணர்ந்து தெருவிற்கு ஓடிவந்தனரேயன்றி, வீடுகளுக்குச் சொல்லத்தக்க சேதம் நேரவில்லை. பெருஞ்சேதம் உற்ற இடம் ஓரிரு சதுரக் கிலோமீட்டருள் அடங்கிவிட்டது. இதன் காரணத்தை உணர்ந்துகொண்டால் ஏனைய யாவும் எளிதில் விளங்கும்.

நிலநடுக்கத்திற்கு இருவகை அளவுகள் உண்டு என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளவேண்டும். ஒன்று, பாறை முறியும் இடத்தில் வெளிப்படும் ஆற்றலின் அளவு. இதனையே செய்தித்தாள்கள் நான்கு, ஐந்து, ஆறு எனக் குறிக்கின்றன. மற்றொன்று, நாம் நிற்கும் இடத்தில் அக்குலுக்கல் எவ்வளவு வன்மையுடன் வந்து தாக்குகின்றது என்பது. விளக்கொன்று எரிகின்றது, அதன் ஆற்றல் ஒன்றே. ஆனால், அதன்கீழ் ஏட்டைப் பிடித்து வாசிப்பானுக்குக் கிடைக்கும் ஒளி வேறு. தெருக்கோடியில் நிற்பானுக்குக் கிடைக்கும் ஒளி வேறு. முதல் அளவு விளக்கின் ஆற்றலைப் போன்றது. இரண்டாவது, ஏட்டின்மேல் விழும் ஒளியைப் போன்றது. முன்னதற்கு ஒரு நடுக்கத்திற்கு ஓர் எண்ணே உண்டு. பின்னது ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு வேறுபடும்.

முதல் அளவினால் நோக்கினால் இஸ்கியா நடுக்கம் மிக அற்பமே. அவ்வளவில் ஓர் எண் கூடினால் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு பெருகும். நேபிள்ஸுக்குக் கிழக்கேயுள்ள இர்ப்பினியா மலைநாட்டில் 1980 நவம்பர் 23-இல் நேர்ந்த நடுக்கத்தின் அளவு 6.9, இஸ்கியாவினது, அதே முறையிற் கணக்கிட்டால், 3.9. மூன்று எண்களே வேறுபாடு. ஆயின் ஆற்றலிலோ, இர்ப்பினியா நடுக்கம் இதனினும் முப்பதினாயிரம் மடங்குக்கு மேற்பட்டது. அப்படியிருந்தும் இஸ்கியாவில் வீடுகள் வீழ்ந்ததற்கு முதற்காரணம் ஆழமின்மை.

இஸ்கியாவிற் பாறை முறிந்த இடம் நிலத்தின்கீழ் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான ஆழத்தில், ஏறக்குறைய 1.7 கிலோமீட்டரில், இருந்தது எனப் பின்னர்க் கணக்கிடப்பட்டது. நடுக்கம் பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில் நிகழ்ந்திருந்தால், அதற்கு நேர்மேலே இருப்பவனுக்கும் நடுக்கத்துக்கும் இடையே தொலைவு 10 கிலோமீட்டர்; ஐந்து கிலோமீட்டர் தள்ளி நிற்பவனுக்கு 11 கிலோமீட்டருக்குச் சிறிது மேல். இருவர்க்கும் வேறுபாடு மிகுதியில்லை. இருவரும் ஏறக்குறைய ஒரே அளவான, மெலிந்த குலுக்கலை உணர்வர். 1.7 கிலோமீட்டர் ஆழத்தில் நிகழ்ந்தாலோ, நேர்மேலே இருப்பவனுக்குத் தொலைவு அந்த 1.7 கிலோமீட்டரே, ஐந்து கிலோமீட்டர் தள்ளி நிற்பவனுக்கு 5.3 கிலோமீட்டர். மும்மடங்கு வேறுபாடு. மாயோ மக்கள் அவ்வளவு அண்மையில் இருந்தனர். துறைமுகத்து மக்கள் மும்மடங்கு அப்பால் இருந்தனர். நம் வீட்டு முற்றத்தில் உரலிடிக்கும்போது பலகைமேல் வைத்த செம்பு அதிர்கின்றது. நான்கு தெருவுக்கு அப்பால் பெரிய ஆலை ஓடினாலும் அச்செம்பு அசைவதில்லை.

காசமீச்சொலாவில் இருந்த பதிகருவியொன்று, நிலம் பக்கவாட்டில் அசைந்த வேகமாற்றம் புவியீர்ப்பின் நூற்றில் 28 பங்கு வரை எழுந்ததாகக் காட்டியது. இதன் பொருள் யாது? நூறு மணங்கு எடையுள்ள சுவரொன்றை இருபத்தெட்டு மணங்கு எடைக்கு ஒத்த விசையோடு யாரோ பக்கத்திலிருந்து தள்ளி, உடனே எதிர்ப்பக்கத்திலிருந்தும் தள்ளினாற்போன்றது. மேலிருந்து கீழாக அழுத்தும் எடையைத் தாங்குவதற்கென்றே எழுப்பப்பட்ட கற்சுவர் இதனைப் பொறுப்பது அரிது. அன்றியும், முறிவு அத்துணை அண்மையிலிருந்தமையால், முன்னோடி அலைக்கும் வன்மையான அலைக்கும் இடையே ஓடி வெளியேறுதற்குரிய காலமும் கிடையாது.

அத்தீவில் நடுக்கங்கள் ஏன் இங்ஙனம் மேலாகவே நிகழ்கின்றன? பாறை குளிர்ந்திருக்குங்கால் ஓரளவு வரை வளைந்து, பின் படீரென முறியும். மிக்க வெப்பமுற்றாலோ முறியாமல், சூடேறிய அரக்கைப் போல நெகிழ்ந்து கொடுக்கும். இஸ்கியாவின் அடியில் வெப்பம் மிக மேலாக இருப்பதால், இரண்டு மூன்று கிலோமீட்டருக்குக் கீழுள்ள பாறை முறியும் தன்மையை இழந்துவிடுகின்றது. முறியத்தக்கது மேலேயுள்ள மெல்லிய ஓடு மட்டுமே. ஓடு மெல்லியதாகையால் பெரிய முறிவுக்கு அங்கு இடமில்லை. ஆகவே நடுக்கத்தின் அளவு சிறிதாகவே இருக்கும். அவ்வோட்டின்மேலேயே ஊர் இருத்தலின், நேரும் சிறு முறிவும் ஊரின் அடிக்காலிலேயே நேரும். சிறுமையும் அண்மையும் ஒரே காரணத்தாற் பிறந்தவை. இதனை அறியாதார், இஸ்கியாவில் நேரும் நடுக்கங்கள் சிறியனவே என்ற பாதியுண்மையைப் பற்றிக்கொண்டு அமைதியுறுவர்.

எப்போமெயோ மலையின் வரலாறும் இதனோடு இயைந்ததே. ஏறக்குறைய 55,000 ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு நேர்ந்த பெரியதோர் எரிமலை வெடிப்பினால் நிலம் உள்ளிறங்கிப் பள்ளமாயிற்று. பின்னர், அடியிலிருந்து எழுந்த குழம்பு அப்பள்ளத்தின் அடித்தளத்தைப் பலநூறு மீட்டர் உயரத்திற்குத் தூக்கிவிட்டது. அங்ஙனம் தூக்கப்பட்ட தளமே எப்போமெயோ. இப்போது அதைத் தாங்கிய விசை தளர்ந்துவிட்டமையால், மலை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டராகத் தாழ்ந்துவருகின்றது. மலைக்கும் வடசரிவுக்கும் இடையிலுள்ள பிளவின்மேல் அத்தாழ்வு சிக்கிக்கொண்டு, இறுகி, ஒருநாள் வழுக்கும்போது நடுக்கம் பிறக்கின்றது. 2017-இல் நிலம் சில சென்டிமீட்டர் தாழ்ந்ததைச் செயற்கைக் கோள்கள் வானிலிருந்தே அளந்து காட்டின. அரக்கன் புரளுகின்றான் என்ற கிரேக்கர் இடத்தையேனும் சரியாகக் குறித்தனர் என்னலாம்.

இதற்கு முன்னிகழ்ந்தவற்றை நோக்கினால் உண்மை இன்னும் தெளிவாகும். 1828-இல் ஒரு நடுக்கம் முப்பதின்மர் வரையினரைக் கொன்றது. 1881 மார்ச்சு 4-இல் நேர்ந்ததில் 120-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குப் பின் இரண்டரை ஆண்டு நிரம்புமுன், 1883 ஜூலை 28-ஆந் தேதி இரவு, நீராடும் பருவம் நிறைந்திருந்த வேளையில், காசமீச்சொலா முழுவதும் வீழ்ந்தது. இறந்தோர் தீவு முழுவதிலும் 2,300-க்கு மேற்பட்டனர். அதன் அளவும் ஐந்தை மிகுதியாகக் கடந்திராது என்பதே அறிஞர் பலரின் மதிப்பீடு. பிற்காலத்தில் இத்தாலியின் தலைசிறந்த தத்துவ நூலாசிரியராக விளங்கிய பெனெடெட்டோ குரோச்சே அப்போது பதினேழு வயது இளைஞர். பெற்றோருடனும் தங்கையுடனும் அங்கே தங்கியிருந்தார். மூவரும் இறந்தனர். அவர் மட்டும் எலும்பு முறிந்து, பல மணி நேரம் இடிபாட்டிற் புதையுண்டு கிடந்து மீட்கப்பட்டார். இத்தாலியரிடையே இன்றும் பெருங்குழப்பத்தையும் அழிவையும் குறிப்பதற்குக் ‘காசமீச்சொலா’ என்ற ஊர்ப்பெயரே ஒரு சொல்லாக வழங்குகின்றது.

அவ்வழிவைக் காணச் சென்றவருள் ஜியுசெப்பே மெர்க்கல்லி என்னும் குருவானவரும் ஒருவர். அவர் 1884-இல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குலுக்கலின் வன்மையை, வீழ்ந்த வீடு, விரிந்த சுவர், உருண்ட பாத்திரம் ஆகிய அடையாளங்களைக் கொண்டு படிப்படியாக அளக்கும் முறைக்கு இன்றளவும் அவர் பெயரே வழங்குகின்றது. நேபிள்ஸில் வாழ்ந்த ஆங்கில மருத்துவர் ஜான்ஸ்டன்-லாவிஸ் என்பாரும் தெருத்தெருவாகச் சென்று விரிசல்களைக் குறித்து 1885-இல் ஒரு பெருநூல் எழுதினார். இவர்கள் ஆராய்ச்சியால் அழிவு மிகச் சிறு வட்டத்துள் அடங்கியது என்பதும், நடுக்கம் மேலாகப் பிறந்தது என்பதும் அக்காலத்திலேயே வெளியாயின. 2017-இல் புதுமையாகப் பேசப்பட்டவை பல, நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறியிருந்தன.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 1884-இல் அத்தீவுக்கென்று கட்டட விதிகள் வகுக்கப்பட்டன. வீட்டின் உயரத்திற்கு வரம்பு கட்டினர். கனத்த கல்வளைவுகளை விலக்கினர். சுவரினுள் மரச்சட்டம் பொருத்துமாறு விதித்தனர். இச்சட்டவீட்டு முறை 1783-இல் காலாபிரியா நாட்டிற் பெருநடுக்கம் நேர்ந்தபின் வழக்கிற்கு வந்தது. நிலைமரங்களும் குறுக்கு மரங்களும் மூலைச்சாய்வுகளுமாக ஒரு கூண்டு அமைத்து, அதன் இடைவெளிகளைக் கல்லாலும் சாந்தாலும் நிரப்புவர். குலுக்கலிற் கல் உதிர்ந்தாலும், கூண்டு வளைந்து கொடுத்து நிற்கும். கூரை தலைமேல் விழாது. 1885-இல் காசமீச்சொலாவிலேயே நடுக்கங்களை ஆராயும் நிலையம் ஒன்று எழுந்தது. அதன் தலைவர் ஜூலியோ கிராப்லோவிட்ஸ், நீர்த்தொட்டியைக் கொண்டு நில அசைவைப் பதிக்கும் கருவி முதலாகப் பலவற்றைத் தாமே அமைத்தார்.

பின்னர் நெடுங்காலம் நிலம் அமைதியாயிருந்தது. அந்நிலையம் 1923-இல் மூடப்பட்டது. 1883-க்கும் 2017-க்கும் இடையே 134 ஆண்டுகள். ஐந்து தலைமுறைக் காலம். அதற்குள் நீராடுவோர் கூட்டம் முன்னிலும் பெருகியது. வீடுகளின்மேல் மாடிகள் ஏறின. அனுமதியின்றி எழுந்தவையும் பல. மரச்சட்டம் பொருத்தும் வழக்கம் அருகியது. தீவிற் கிடைக்கும் எரிமலைச் சாம்பற்கல்லை ஒழுங்கின்றி அடுக்கி, வலுவற்ற சாந்தால் இணைத்த பழஞ்சுவர்களே மாயோவில் மிகுந்திருந்தன. 2017-இல் முதன்மையாக வீழ்ந்தவை இவைதாம்.

நடுக்கம் நேர்ந்த மறுநாளே, ‘நான்கு அளவுள்ள நடுக்கத்திலும் வீடு இடியுமோ? விதியை மீறிக் கட்டியதன் பயன் இது’ என்ற கூக்குரல் இத்தாலி முழுவதும் எழுந்தது. தீவு மக்கள் இதனால் மனம் புண்பட்டனர். எம்முடைய கருத்தில் இக்குற்றச்சாட்டு ஓரளவே பொருந்தும். அனுமதியற்ற கட்டடங்கள் தீவில் மலிந்திருந்தது உண்மை. ஆனால், இடிந்தவற்றுட் பல, அனுமதி கேட்கும் வழக்கமே இல்லாத காலத்திலிருந்து நின்றவை. அன்றியும், பழி கூறியவர் பற்றிக்கொண்ட எண்ணே முதலில் தவறாக வந்தது. முதலறிக்கை அளவு 3.6, ஆழம் 10 கிலோமீட்டர் என்றது. சில மணி நேரத்தில் அது 4.0, ஆழம் 5 கிலோமீட்டர் எனத் திருத்தப்பட்டது. ஆழம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவென்பது அதன் பின்னரே தெளிந்தது. விரைந்து கணக்கிடும்போது ஆழம் பிழைபடுவது இயல்பே; வல்லுநரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், பத்துக் கிலோமீட்டர் என்று கேட்டவன் வீட்டுக்காரனைக் குற்றவாளியாகக் கொண்டான். இரண்டு கிலோமீட்டருக்குட்பட்டது என்ற செய்தி வரும்போது அவன் வேறு செய்திக்குச் சென்றுவிட்டான்.

வீடிழந்தோர் ஏறக்குறைய 2,600 பேர். சிலர் விடுதிகளிலும், சிலர் உறவினர் இல்லங்களிலும், சிலர் வாடகை வீடுகளிலும் தங்கினர். இடிந்த பகுதிக்குள் யாரும் செல்லாதவாறு வேலியிடப்பட்டது. தம் வீட்டுக் கதவைத் தூரத்தினின்று பார்க்கலாம். உள்ளே சென்று ஓர் ஆடையை எடுத்துவரவும் தீயணைப்புப் படையினரின் துணை வேண்டும். புதுப்பித்துக் கட்டுவதற்கு உதவித்தொகை பெற வேண்டுமாயின், அவ்வீடு சட்டப்படி எழுந்ததென்று காட்டவேண்டும். பல வீடுகளுக்கோ முந்தைய ஆண்டுகளிற் கொடுத்த மன்னிப்பு விண்ணப்பங்கள் தீர்ப்பின்றிக் கிடந்தன. 2018-இல் ஜெனோவாப் பால விபத்தையொட்டி இயற்றப்பட்ட சட்டத்திலேயே இஸ்கியாவின் இவ்விண்ணப்பங்களை விரைந்து முடிப்பதற்கும் ஒரு விதி சேர்க்கப்பட்டது. விதிமீறலுக்கு அரசாங்கமே துணைபோகின்றது என ஒரு சாராரும், வீடற்றவர் எத்தனை ஆண்டு காத்திருப்பது என மற்றொரு சாராரும் வாதிட்டனர். வாதம் நீண்ட அளவுக்குக் கட்டடவேலை நீளவில்லை.

இந்நிலையில், 2022 நவம்பர் 26-ஆந் தேதி விடியற்காலையில், பெருமழையால் எப்போமெயோவின் வடசரிவு பெயர்ந்து, சேறும் பாறையுமாகக் காசமீச்சொலாவின்மேல் இறங்கிற்று. பன்னிருவர் இறந்தனர். நடுக்கத்தாற் பிளந்து நின்ற அதே மலையடிவாரந்தான், அதே ஊர்தான். ஆகவே, இடிந்த வீடுகளை எங்ஙனம் கட்டுவது என்றிருந்த வினா, அவற்றுள் எவற்றை அவ்விடத்திலேயே கட்டலாம், எவற்றை வேறிடத்திற்கு மாற்றவேண்டும் என்ற வினாவாயிற்று. நடுக்கத்திற்கென வரைந்த திட்டத்தோடு சரிவின் அபாயமும் சேர்த்து எண்ணப்பட்டது. 1883-க்குப் பின்னரும் ஊரின் ஒரு பகுதியை மலைச்சரிவினின்று கீழே கடற்கரையோரத்திற்குக் கொண்டுவந்து அமைத்தனர். அங்கே எழுந்த தெருக்கள் 2017-இல் மாயோ பட்ட பாட்டைப் படவில்லை. மலைமேலுள்ள பழைய இடத்திற்கு மக்கள் திரும்பி ஏறிச் சென்றது, அங்கே அவர்களுக்கிருந்த தோட்டமும் கொடிமுந்திரியும் வெந்நீர் ஊற்றும் பற்றியே.